ஒரு ஆளுக்கு ஒரு பூசணிக்காய்

தனியாளாகச் சமைத்துச் சாப்பிடுவதில் கஷ்டம் சமையல் இல்லை. முட்டைகோஸ்தான். குனோங் ராபாட்டில் என் வாடகை அறையில் ஒரு ரைஸ் குக்கர், ஒரு குவாலிச் சட்டி, கதவு சரியாக மூடாத ஒரு சின்ன ஐஸ்பெட்டி. மலிவாக இருக்கிறதே என்று ஒரு முழுக் கோஸை வாங்கி வந்தால், திங்கட்கிழமை பொரியல், செவ்வாய்க்கிழமை சாம்பார், புதன்கிழமை மீ நூடுல்ஸில் போட்டுப் பிரட்டல். வியாழக்கிழமை ஐஸ்பெட்டியைத் திறந்தால் இன்னும் பாதி அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். எங்கள் இருவருக்கும் பேச எதுவும் மிச்சம் இருக்காது.

இப்போதெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கோஸைப் பாதியாக வெட்டி பிளாஸ்டிக் சுற்றி வைத்துவிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு பாதியைக் கையில் எடுத்தேன். இதன் மறுபாதி யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவுதான். வெளியே சுண்ணாம்பு மலையில் பனி இன்னும் கலையவில்லை, கடைக்குள் ஏர்கான் குளிர், நான் கையில் கோஸோடு பத்து வயதுப் பையனாக சிலிபினில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் அம்மா என்னைச் சிலிபினில் இருந்த தன் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார். சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த ஆறு வாத்துகளுக்கு, அப்பா கேட்டுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பச்சைச் சாயத்தை நான் பூசியிருந்தேன். வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அழகாகத்தான் இருந்தன. இருந்தாலும் நான் கொஞ்ச நாள் ஊரில் இல்லாமல் இருப்பது நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

மாமா டயர் கடையில் வேலை செய்தார். முப்பது வயது தாண்டியும் தனியாள். ஒரு தட்டு, ஒரு மங்கு, ஒரு கரண்டி. நான் போனதும் இரண்டாவதாக ஒரு தட்டு வாங்கினார். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் எதுவும் இரண்டாக இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

அந்தத் தெரு என் நினைவில் எப்போதும் நனைந்தே இருக்கிறது. மத்தியானம் தவறாமல் மழை வரும். மழை விட்டதும் தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பும். எதிர்வீட்டு வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பொழுது சாயும்போது எரியத் தொடங்கி, ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இன்னொரு நட்சத்திரமாகக் கிடக்கும். அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவரும் தனியாள். அம்மா இறந்தபின் அங்கேயே இருந்துகொண்டு, கையுறைத் தொழிற்சாலைக்கு வேனில் போய் வந்தார்.

பசாரில் காய் விற்ற சீன ஆன்ட்டி எல்லாவற்றையும் சிவப்பு பிளாஸ்டிக் தட்டில் குவித்து வைத்திருப்பார். ஒரு தட்டு ஒரு விலை. தட்டைப் பிரித்துத் தரமாட்டார். குடும்பத்துக்கு அது லாபம், தனியாளுக்குப் பாதி குப்பைக்குப் போகும். அதனால் மாமாவும் எதிர்வீட்டு அக்காவும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா வாங்குவதில் பாதி அங்கே போகும். புதன்கிழமை வேலை முடிந்து அக்கா வாங்கிவருவதில் பாதி இங்கே வரும். நான் வந்ததும் அதைச் சுமக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊரில் யாரையாவது அண்ணே என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுவிட்டால் பேச்சு தானாக ஓடும். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் எதுவும் கூப்பிடமாட்டார்கள். மாமா ரோட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். அக்கா பூச்சட்டியைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் மரியாதை தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் காய்ப் பங்கைத் தவிர, அந்த கேட்டைத் தட்ட மாமாவுக்கு வேறு காரணமே கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முதல் ஞாயிற்றுக்கிழமை தட்டில் ஐந்து கத்தரிக்காய் இருந்தன. மாமா இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றை என்னிடம் கொடுத்து அனுப்பினார். அக்கா ஒன்றைத் திருப்பித் தந்தார்.

"அங்க ரெண்டு பேரு, இங்க நான் ஒரு ஆளு. ஒங்க மாமாவுக்கு எண்ணத் தெரியாதா தம்பி?"

நான் வந்து சொன்னேன். மாமா கத்தரிக்காயைத் துடைத்து மறுபடி என் கையிலேயே வைத்தார்.

"நீ கால் ஆளுதான்னு சொல்லு மாப்ள."

மறுபடி ரோட்டைக் கடந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கால் ஆளா? வாயப் பாத்தா ரெண்டு ஆளு மாதிரி இருக்கு." ஆனாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அதே கத்தரிக்காய் நான்காவது முறையாக ரோட்டைக் கடந்தது, காரச் சம்பாலாக, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். மாமா அன்றைக்கு மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

அந்த டப்பா அதன்பின் காலியாகப் போனதே இல்லை. இங்கிருந்து நாலு நெத்திலிக் கருவாடு போகும், அங்கிருந்து ஒரு துண்டு கேக் வரும். எனக்கோ நடந்து நடந்து செருப்பில் வார் அறுந்திருந்தது. நான் பார்க்கும் கார்ட்டூன் போடும் நேரமாகப் பார்த்து என்னை எழுப்புவார்கள். அப்படி ஒரு நாள் மாமா போனில் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன். "ஒரு ஆளுக்கு வாங்கிச் சமைக்கிறது செலவுதான்க்கா. தட்டுல பாதி கெட்டுப் போகுது. என்ன செய்யிறது?"

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்போல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மீன் பக்கம் போனதும் நான் சீன ஆன்ட்டியிடம் போய் நின்றேன். "ஆன்ட்டி, பாதி போலே?" என்றேன், பாதி தர முடியுமா என்று. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தாக் போலே, முடியாது, என்றார். நான் விடவில்லை. என் மாமா பாவம், தனி ஆள், பெண்டாட்டி இல்லை, தானே சமைத்துத் தானே சாப்பிடுகிறார், முழுக் கோஸை வாங்கினால் அதனோடு படுத்துத்தான் தூங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாய் எல்லாவற்றையும் போட்டுச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பெரிய கத்தியை எடுத்து ஒரே வெட்டாகக் கோஸை இரண்டாக்கினார். கத்தரிக்காயிலும் பாதித் தட்டு, பயற்றங்காயிலும் பாதித் தட்டு. இனிமேல் வாரா வாரம் இப்படியே தருவதாகவும் சொன்னார்.

மீன் வாங்கிக்கொண்டு வந்த மாமா பையைத் திறந்து பார்த்தார். "மத்த பாதி எங்க?" என்றார், ஏதோ தொலைந்துபோனதைத் தேடுகிறவர் மாதிரி. நான் விஷயத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். மாமா அந்தப் பாதிக் கோஸை உள்ளே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் மலைகளில் மேகம் படிந்திருந்தது. மாமாவின் முதுகு மட்டும் முன்னால் அசைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா டப்பாவில் கொஞ்சம் வறுத்த கடலையைப் போட்டு, "இதையாச்சும் குடுத்துட்டு வா" என்றார். அக்கா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார், தலையில் பூ இருந்தது.

"காய் எங்க தம்பி?"

நான் விளக்கினேன். இனி ஆன்ட்டி பாதியே கொடுப்பார், அக்காவும் பாதியே கேட்கலாம், யாரும் யாருக்கும் எதுவும் கொண்டுபோக வேண்டாம். சொல்லும்போதே அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. ஒரு சின்னப் பையன் பேச்சை யார் கேட்பார்கள்? அதனால் கொஞ்சம் கனம் சேர்த்தேன்.

"மாமாதான் சொல்லச் சொன்னாரு. இனிமே பங்கு வேணாமாம்."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாமாவே சொன்னாரா?"

"ஆமாக்கா."

"சரி தம்பி. பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

அவர் உள்ளே போய்க் கடலையைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். காலியாக. எனக்குத் தூக்க லேசாக இருந்தது. மாமா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மறுபடி மூடினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க மழை. புதன்கிழமை சாயந்திரம் வேன் வந்து நின்றது, அக்கா இறங்கினார், பையோடு உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. மாமா ஜன்னலோரம் நின்றார்.

"ஏதும் குடுத்தாங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"அந்த ஸ்டார் பல்பு சரியா எரியலையோ?"

பல்பு நன்றாகத்தான் எரிந்தது. மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்று. நான் அதைச் சொன்னேன். மாமா "ம்" என்றார். அன்றைக்குக் கோஸ் பொரியலில் உப்பு இல்லை. மறுநாள் சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. பாதியாக வெட்டி விற்றால் காய்க்கு ருசி போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது தட்டில் கிடந்ததை வழித்துச் சாப்பிட்டேன். யாரும் என்னை எங்கும் அனுப்பவில்லை. கார்ட்டூன் முழுவதையும் பார்த்தேன். ஏனோ முன்பு இருந்த சுவாரசியம் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீன ஆன்ட்டி எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கையில் எடுத்துத் தயாரானார். மாமா சிவப்புத் தட்டுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடையின் ஓரத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் வாங்குகிற அளவு. மாமா அதைத் தொட்டுக் காட்டினார்.

ஆன்ட்டி எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டார். வெட்ட வேண்டாம் என்றார் மாமா. பாதி போலே என்று ஆன்ட்டியே சொல்லிப் பார்த்தார். மாமா தலையாட்டி மறுத்தார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அந்த வாரச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அதிலேயே போனது. வீடு வரைக்கும் அதை என் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தில் மோட்டார் இறங்கும்போதெல்லாம் அது என் தாடையில் இடித்தது.

வீட்டில் மாமா அதை வெட்டவில்லை. சட்டை மாற்றினார். தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவினார். சர்ச் விட்டு அக்கா வரும் நேரம் பார்த்து, பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நான் வந்தபின் முதல் முறையாகத் தானே ரோட்டைக் கடந்தார். நான் பின்னாலேயே ஓடி கேட்டோரம் நின்றுகொண்டேன்.

"என்னாங்க இது?"

"பூசணிக்காய்."

"அது தெரியுது."

மாமாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"பங்கு வேணாம்னு சொல்லி விட்டீங்களே," என்றார் அக்கா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"நானா?"

"இல்லாட்டி யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து என் செருப்பின் அறுந்த வாரில் அவசர வேலை வந்துவிட்டது. குனிந்தபடியே இருந்தேன். மழை தூற ஆரம்பித்தது. ரோத்தான் பிரம்பு எங்கே இருக்கும், எத்தனை அடி விழும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, தலைக்கு மேலே அக்காவின் சத்தம் கேட்டது.

"ஒரு ஆளு இத எத்தன நாளு சாப்புடுறது? மாசக்கணக்கா ஓடும்லா."

"அதான் வாங்குனேன்," என்றார் மாமா.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அக்கா கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க. நனையுது."

பூசணிக்காய் நனைவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அக்கா கத்தி கொண்டுவந்தார். மாமா பிடித்துக்கொள்ள, அக்கா வெட்டினார். எனக்கு அடி விழவில்லை. விதையெல்லாம் நானே தோண்டி எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தண்டனை. முழங்கை வரைக்கும் மஞ்சளாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கும் வாசனை. மாமா உப்புப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார். எதற்கு அந்த ஒரு சொல்லுக்கு அக்கா அப்படிச் சிரித்தார் என்று விளங்கவில்லை.

விடுமுறை முடிந்து அம்மா என்னை அழைத்துப்போக வந்தார். மாமா முன்னாலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"மாமாவுக்குக் கடைக்குப் போகவே தெரியலம்மா. நான் பாதி விலைக்கு ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன், வேணாம்னுட்டாரு. ஒரு ஆளுக்கு முழுப் பூசணிக்காய் வாங்குறாரும்மா."

"முழுசா?" என்றார் அம்மா.

"முழுசா. அதையும் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போறாரு."

அம்மா தன் தம்பியைப் பார்த்தார். மாமா கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வந்து, செய்தித்தாளில் சுற்றிய பெரிய துண்டுப் பூசணிக்காய் ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை உடனே வாங்கிப் பையில் போடவில்லை. அக்காவின் கையோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரில் திரும்பும்போது அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். நிறுத்துவார், மறுபடி சிரிப்பார். சுங்கை சிப்புட் வரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு அவர் முதுகு வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது. பின்னால் நான் பூசணித் துண்டைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா மாமாவைக் கொஞ்சம் அதட்டிவிட்டு வந்திருக்கலாம். இப்படிச் செலவு செய்தால் தனியாள் எப்படிப் பிழைப்பார் என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.