சமையலறை வாசலில் திமிங்கலச் சுறா

மதியம் பன்னிரண்டு ஐம்பது. பென்னாகரம் சாலையில் பஸ் பஞ்சராகி இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது, எதிரிலுள்ள தொடக்கப் பள்ளியின் சுவருக்கு மேல் ஆடும் ஒரு வால். கேட்டுக்குள் நுழைந்து பார்த்தால், காற்றடைத்த துணித் திமிங்கலச் சுறா, வெள்ளைப் புள்ளிகளோடு முற்றத்தை அடைத்துக் கிடக்கிறது. அதன் வயிறு சத்துணவுச் சமையலறையின் வாசலை மூடியிருக்கிறது.

சுறா பாதுகாப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சென்னையிலிருந்து வந்த இளைஞர் மைக்கில் பேசுகிறார். வலையில் இந்தச் சுறா சிக்கினால் உடனே வலையை அறுத்து விட்டுவிட வேண்டுமாம். கடலையே பார்த்திராத நாற்பது பிள்ளைகள் அப்படியே செய்வதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் காலித் தட்டு. சிறப்பு விருந்தினர் வந்து படம் எடுத்துக்கொள்ளும்வரை மீனை நகர்த்தக் கூடாதென்று உத்தரவு.

சமையல்கார அம்மாள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்.

"சோறு ஆயிடுச்சுங்களா?" என்று கேட்கிறேன்.

"ஆயி அர மணி நேரமாச்சுங்க. பாதிப் புள்ளைங்க காலையில வெறும் வவுத்தோட வந்ததுங்க."

"இந்த மீன் யாரையும் கடிக்காது. வாயைத் திறந்துகொண்டு நீந்தும், சாப்பாடு தானாக உள்ளே போகும்" என்கிறார் மைக் இளைஞர்.

"குடுத்து வெச்ச மீனு" என்கிறார் அம்மாள். பிறகு உரக்க, "தம்பி, உங்க மீனுக்குக் காத்தடிக்கிற மோட்டாரு எங்க அடுப்படி பிளக்குலதான் ஓடுது, தெரியுமில்ல?"

இளைஞர் திரும்புவதற்குள் சுவிட்சை அணைத்துவிடுகிறார். சுறா வாலிலிருந்து தொய்ந்து தரையோடு படிகிறது. அதை மிதித்துக்கொண்டு அம்மாள் அண்டாவை வெளியே இழுக்கிறார்.

ஒன்று இருபதுக்கு முதல் தட்டில் சாம்பார் சாதம் விழுகிறது.