பக்கத்தில் உட்கார்ந்தும் செவலை சாப்பிடவில்லை

நான் பக்கத்தில் உட்காராவிட்டால் எங்கள் நாய் செவலை ஒரு வாய்கூடத் தின்னாது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க இதைச் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் துணைக்கு இருந்தேன். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் போன் செய்தார். "கறிச்சோறு வெச்சும் மோந்துட்டுப் போயிடுது. வாயில எச்சி வேற ஒழுவுது. ஒன்னத்தான் தேடுது."

"நான் வந்தா தின்னும், உடுங்க" என்றேன். மறைப்பானேன், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் வந்ததும் தட்டோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாலை ஆட்டியது, சோற்றைத் தொடவில்லை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. திறந்து பார்த்தால், மேல் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஓர் எலும்புத் துண்டு குறுக்கே மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நானே போட்ட எலும்பு!

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பை எடுத்த டாக்டர், "ரெண்டு மூணு நாளா பட்டினி கெடந்துருக்கு. யாருமே வாயத் தொறந்து பாக்கலயாம்மா?" என்றார்.

இப்போது சோற்றை வைத்ததும் கேட்டைச் சாத்திவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுகிறேன். நான்கு நாள், நான் திரும்பி வரும்வரை தட்டைத் தொடாமல் கேட்டடியில் நின்று குரைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று வந்து பார்த்தால் தட்டு காலி. மனசு கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் இன்றைக்கும் போவேன். இனி செவலை சாப்பிடவில்லை என்றால், அதற்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அர்த்தமாக இருக்க வேண்டும்.