தோற்க மறுத்த ஆங்கிலேயக் கப்பல்

புண்ணியமூர்த்தி அண்ணை எங்கள் கட்டிடத்தில் முதலாம் மாடி. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடமாக வேலை. யாராவது அவர் காலை மிதித்தாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படி ஒரு பிறவி. பார்க்க எனக்கே பத்திக்கொண்டு வரும்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, சுவிஸ் குடியுரிமை. முதல் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஊரோடு ஒட்டவில்லையாம். கோயில் நிர்வாகசபையில் பதினெட்டு வருடம் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார் மனுஷன். அது போதாது, உள்ளூர் ஃபெராய்ன், அதாவது சங்கம், ஏதாவது ஒன்றில் சேருங்கள் என்றார்கள்.

துவக்குச் சுடும் சங்கத்துக்குப் போகப் பயம். பாட்டுச் சங்கத்தில் குரலைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். மிஞ்சியது பாய்க்கப்பல் சங்கம். கடலே இல்லாத நாட்டில் ஒன்பது பேர் கூடி, 1812இல் அமெரிக்கக் கப்பலும் ஆங்கிலேயக் கப்பலும் மோதிய சண்டையை ஒவ்வொரு ஆகஸ்டிலும் குளத்தில் ரிமோட் கப்பல் விட்டு நடத்துவார்கள். சரித்திரத்தில் நடந்தபடியே ஆங்கிலேயக் கப்பல் தோற்கவேண்டும். தலைவர் ஹேர் ஷ்டூடர் எப்போதும் அமெரிக்கத் தளபதி. புதிதாக வருபவருக்கு ஆங்கிலேயக் கப்பல். தோற்கிற வேலைக்கு அண்ணையைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்? இரண்டு ஆகஸ்ட், சொன்ன நிமிடத்தில் தோற்றார்.

மூன்றாம் முறை வென்று தொலைத்தார். தலைவர் நற்சான்றுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்ன அதே கிழமையில்! நடுச் சண்டையில் காற்றுத் திரும்பியது. அண்ணை வல்வெட்டித்துறையில் பாய்வள்ளம் ஓட்டியவர். கை தன்பாட்டில் விசையைத் திருப்பிவிட்டது. ஆங்கிலேயக் கப்பல் வளைந்து குறுக்கே வர, அமெரிக்கக் கப்பல் போய் நாணலுக்குள் செருகிக்கொண்டது. தலைவர் விசில் ஊதி, உடனே தோற்கும்படி கட்டளையிட்டார். அண்ணை முடியாது என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை, கரையில் வேடிக்கை பார்த்து நின்ற நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

கடிதத்துக்குப் பதிலாக, குடியுரிமையை முடிவுசெய்யும் நகரசபைக்குத் தலைவரின் ஐந்து பக்க முறைப்பாடு போனது. அண்ணையின் மனைவி சுலோஜனா அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவ்வளவு காலமும் தோத்தனீங்கள்தானே, இன்னுமொருக்காத் தோத்தா என்னப்பா?"

"நான் தோத்திருப்பன். காத்து விடேல்லை."

பிறகு அவரும் உட்கார்ந்து, காற்றுத் திசையைப் படம் கீறி, ஏழு பக்கத்தில் மறுப்பு எழுதினார். அதன் டொச்சை, அதாவது ஜெர்மன் மொழியை, ஒரு கிழமையாகத் திருத்திக் கொடுத்தவன் நான்.

குடியுரிமை நேர்முகத்துக்கு அவரோடு துணைக்குப் போனேன். அதிகாரி அம்மா இரண்டு கடிதத்தையும் ஆறுதலாக வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்தாறு வருடத்தில் உங்கள்மீது ஒரு முறைப்பாடு இல்லை. நீங்களும் யார்மீதும் எழுதவில்லை. இங்கேதான் வாழ்கிறீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது? இப்போதுதான் எங்களில் ஒருவராகத் தெரிகிறீர்கள்."

சிவப்புக் கடவுச்சீட்டு வந்த அன்று அண்ணை குழந்தைபோல அழுதார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது.

அடுத்த கிழமை கட்டிட நிர்வாகத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை துணி தோய்க்கக்கூடாது என்ற கட்டிட விதியை மீறி, பொதுச் சலவையறையில் நான் துணி தோய்த்தேன் என்று அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்திருந்தார். இரண்டு பக்கம், கீழே புண்ணியமூர்த்தி என்று கையெழுத்து. டொச்சில் ஒரு பிழை இல்லை.