கெட்டிமேளத்துக்கு எந்த ஊசி?

ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி பூட்டுகிறவன் முதலில் பழக வேண்டியது தும்மலை அடக்குவதுதான். கட்டைவிரல் நகத்தளவு டப்பி; அதன் நுனியில் ஊசி, பின்னால் நாலு கம்பி, மேலே இரண்டு திருகாணி. காட்ரிட்ஜ் என்றால் அவ்வளவுதான். அதை நேராகப் பூட்டி முடிப்பதற்குள் நம் முதுகு கோணலாகிவிடும். ஊசியோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து காஜா ஊரில், ரப்பர் எஸ்டேட் போன பிறகும் நின்றுகொண்டிருக்கும் லயத்து வீட்டிலிருந்து இந்த வேலையைச் செய்கிறேன். நான் பூட்டிய ஊசியில் பாட்டுக் கேட்டுவிட்டு, காதுமிஷினைக் கழற்றி எறிந்தவர்கள் ஈப்போவில் மூன்று பேர். மூவரும் இப்போது உயிரோடு இல்லாததால் நீங்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

கையை விரித்த மேளக்காரர்

குனோங் ராபாட்டில் இருக்கும் முனியாண்டி என் நெடுநாள் வாடிக்கையாளர். லோரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வைகாசியில் அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். இரண்டு நாள் இருக்கும்போது தைப்பிங் மேளக்காரர் போன் பண்ணினார். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டுவிட்டாராம், வர முடியாதாம். பேராக் மாநிலம் முழுக்க விசாரித்தோம். அன்றைக்குச் சும்மா இருந்த தவில் ஒன்றுகூட இல்லை.

"போன்ல போட்டுரலாம்பா, ஸ்பீக்கர்தான் இருக்குல்ல" என்றாள் கவிதா. முனியாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. கிள்ளானிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கள் வீட்டு மேளத்தைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று நிச்சயதார்த்தத்தன்றே மார்தட்டியிருந்தார் மனிதர். விறுவிறுவென்று போய் அலமாரியிலிருந்து ஒரு நாதஸ்வர ரெக்கார்டை எடுத்து வந்தார். அதன் கடைசியில் கெட்டிமேளம் தனியாக இருக்கிறது, அரை நிமிடம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, தாலி ஏறுறப்ப மட்டும் ஊசி தாவுச்சுன்னு வைங்க, கிள்ளான்காரன் சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான் லா!"

லெட்சுமி அக்காவின் நாலு அடி

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே மூன்று காட்ரிட்ஜோடு டேவான் மண்டபத்தில் போய் இறங்கினேன். ஊசிக்கு ஊசி போட்டி என்றால் எனக்கு இருபது வயது குறைந்துவிடும். மேடையோ வெறும் பலகை. முதலில் முனியாண்டியின் செல்லம், ஜப்பான் சாமான். ஆகா, அது என்ன தெளிவு! நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது, சீவாளியை நனைப்பது கேட்டது. இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்திருந்தால் அவர் அன்றைக்கு என்ன பசியாறினார் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து முனியாண்டியின் அக்கா லெட்சுமி, குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். நல்ல ஆகிருதி. நாலே அடி எடுத்து வைத்தார். ஊசி தவளை மாதிரி எகிறி, கல்யாணியிலிருந்து நேரே மங்களத்துக்குப் போய்விட்டது. நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா விளக்கை இறக்காமலே கேட்டார்: "ஏன்டா, நாளைக்கு நான் பறந்து வரணுமா?"

முரட்டு ஊசி

அடுத்தது டிஸ்கோக்காரர்களின் ஊசி. ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்தாலும் பிடித்த இடத்தை விடாது. நாலு கிராம் பாரம் ஏற்றி இறக்கினேன். அக்காவை நடக்கச் சொன்னோம். அப்புறம் குதிக்கச் சொன்னோம். அவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே குதித்தார். பின்னால் இருக்கிற சுண்ணாம்பு மலையில் இரண்டு பாறை உருண்டதாகக் கேள்வி. ஊசி அசையவில்லை! எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. முனியாண்டி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். "இது தவில் இல்லண்ணே, பக்கத்து வீட்டுல மெத்தைய தட்டுறாங்க!"

ரப்பர் ஷீட்

மூன்றாவது, என் பெட்டியில் கிடந்த சாதாரண ஊசி. தவில் தவிலாகவே கேட்டது. முனியாண்டியின் தலை தானாக ஆடியது. ஆனால் அக்கா நடந்தால் லேசாக ஒரு நடுக்கம். சட்டென்று பொறி தட்டியது! மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், எஸ்டேட் காலத்திலிருந்து கிடந்த ரப்பர் ஷீட் ஐந்தைத் தூக்கி வந்து, மடித்து பிளேயருக்கு அடியில் திணித்தேன். அக்கா குதித்தார். நடுக்கம் நின்றது! பாரத்தை இரண்டு கிராமாகக் குறைத்து, ஊசியின் கோணத்தைப் பார்த்து, அதற்கப்புறம்தான் மூச்சு விட்டேன். வீடியோ எடுக்க இடம் பார்க்க வந்த தம்பி அந்த ரப்பர் வாடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், நாளைக்குக் கல்யாணமா, இல்ல மரத்துல பால் வெட்டப் போறமா?"

மூன்று முடிச்சு

மறுநாள் குருக்கள் கையைத் தூக்கினார், நான் ஊசியை இறக்கினேன். அலாமாக்! டேவானின் தகரக் கூரை பறந்துபோயிருக்க வேண்டும்; நல்லவேளை, ஆணி அடித்திருந்தார்கள். மேளக்காரர் எங்கே என்று கிள்ளான்காரர்கள் கழுத்தை நீட்டித் தேடினார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். போட்ட முதல் முடிச்சே அவிழ்ந்துகொண்டது. பத்து விநாடி போயிற்று, இருபது போயிற்று. இருப்பதே அரை நிமிட மேளம். முனியாண்டி என்னைப் பார்க்கிறார், நான் ஊசியைப் பார்க்கிறேன்.

அப்போது முந்நூறு பேரும் அட்சதையோடு ஒன்றாக எழுந்து மேடைப்பக்கம் நெருக்கினார்கள். பலகை அதிர்ந்தது. ஊசி தாவியே விட்டது! ஆனால் முன்னால் தாவவில்லை. ஒரு சுற்றுப் பின்னால் தாவியது. மறுபடி அதே இடம், மறுபடி அதே தாவல். முரட்டு ஊசிக்காக, ஊசியைத் தாங்கும் தண்டை வெளிப்பக்கம், அதாவது வாசித்து முடித்த பக்கம், இழுக்கிற குமிழைக் கூட்டி வைத்திருந்தேன். ஊசியை மாற்றியபோது அதைக் குறைக்க மறந்துவிட்டேன். மேளம் முடியவே இல்லை. மாப்பிள்ளை நிதானமாக ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும் அவர் தங்கை போட்டாள். அதற்கப்புறம்தான் ஊசியைத் தூக்கினேன். முனியாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் அப்பா வந்து அவர் தோளைத் தட்டினார். "சம்பந்தி, பையன் கட்டி முடிக்கிற வரைக்கும் கை ஓயாம அடிச்ச ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன், அவருக்கு மொதல்ல சாப்பாடு போடுங்க!"

தாவாத ஊசியைத் தேடி அலைந்த நான், தாவிய ஊசியின் புண்ணியத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, எல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுதான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.