கேக்குக்குக் கல் வண்டி, கல்லுக்கு அப்பள வண்டி

இரண்டு பிக்கப் விற்றேன். இரண்டும் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தன.

பழைய வண்டி வாங்கி விற்பது வண்டி சம்பந்தப்பட்ட தொழில் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். இல்லை. அது மச்சான் சம்பந்தப்பட்ட தொழில். வாங்குகிறவர் வாயைத் திறக்க மாட்டார். கூட வந்த மச்சான் மூட மாட்டார். பழைய வண்டி வாங்கியோ விற்றோ அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் வண்டிகள், அவற்றின் நடுவில் நாற்காலி போட்டு நான். வருகிறவர்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "என்ன ஏத்தப் போறீங்க?" பதில் சொன்னால் பொருத்தமான வண்டியை நானே காட்டிவிடுவேன். மைலேஜைப் பற்றிப் பேசுவார்கள், கலரைப் பற்றிப் பேசுவார்கள், ஜோசியர் சொன்னதைச் சொல்வார்கள். அந்தப் பதில் மட்டும் வராது.

குதித்துப் பார்த்தவர்

டேனியலுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் பேக்கரி. சாது. மனைவியின் தம்பி ஆல்பர்ட்டைக் கூட்டிவந்திருந்தார். அவன் சாது இல்லை. வந்ததும் டயரை எல்லாம் உதைத்தான். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொரு வண்டியின் பின்பக்கமும் ஏறிக் குதித்தான். ஒரு பச்சை வண்டி மட்டும் அசையவில்லை. அசையாது. கருங்கல் ஏற்றிய வண்டி அது. பழைய ஓனர் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை போட்டு வைத்திருந்தார். பாரம் ஏறினால்தான் அந்த ஸ்பிரிங் வளையும். காலியாக ஓட்டினால் முதுகெலும்பு கழன்றுவிடும்.

சொன்னேன். "இது கல் வண்டி. நீங்க என்ன ஏத்தப் போறீங்க?" டேனியல் வாயைத் திறந்தார். அதற்குள் ஆல்பர்ட், "மாவு மூட்டை, சக்கரை மூட்டை எல்லாம்தான் அங்கிள்" என்றான். மூட்டை என்றால் சரி என்று விட்டுவிட்டேன். பேக்கரிக்கு மாவு மொத்தக் கடை லாரியிலேயே வந்து இறங்கிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆல்பர்ட் இன்னொரு முறை குதித்துவிட்டு இறங்கினான். "ஸ்ட்ராங்கா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும் அங்கிள். வீக்கா இருந்தாத்தான் யோசிக்கணும்!"

கூட்டினால் ஒன்பது

அதே வாரம் முனுசாமி வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். மச்சான் இல்லாமல் தனியாக வந்தாரே என்று சந்தோஷப்பட்டேன். அவர் வண்டியையே பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நம்பர் பிளேட்டுகளை மட்டும் படித்துக் கூட்டிக்கொண்டே போனார். எட்டு வந்த வண்டிகளைச் சுற்றிக்கொண்டு தள்ளி நடந்தார். ஒரு வெள்ளை வண்டியின் முன்னால் நின்று கும்பிட்டார். ஒன்பது.

அது மல்லேஸ்வரத்தில் அப்பளம் ஏற்றிய வண்டி. பூப்போன்ற ஸ்பிரிங். ஒரு கையால் அமுக்கினால் பின்பக்கம் இறங்கும். என்ன ஏத்தப் போறீங்க என்றேன். "சாமானுதாண்ணே" என்றார். என்ன சாமான்? "நம்ம கடை சாமான்." என்ன கடை? "பக்கத்துத் தெருதாண்ணே." தொழிலைச் சொன்னால் நான் விலையை ஏற்றிவிடுவேனாம். பின்னால் தெரிந்தது, அவருடையது கடப்பா கல் கடை. அன்றைக்கு நான் எவ்வளவு நோண்டியும் கிடைத்தது இதுதான்: "எதுவா இருந்தா என்னண்ணே, ஒம்போது இழுத்துக்கும்."

ஹம்ப்ஸ்

நம் ஊர் ரோட்டுக்கு ஹம்ப்ஸ் என்கிற வேகத்தடை என்ன அழகு என்று உங்களுக்குத் தெரியும். பத்தடிக்கு ஒன்று, போட்டவனுக்கே ஞாபகமில்லாத இடத்தில். டேனியல் முதல் கல்யாணக் கேக்கைப் பச்சை வண்டியில் வைத்து லிங்கராஜபுரம் கொண்டுபோனார். மூன்று அடுக்கு. மண்டபத்தில் இறக்கும்போது ஒரே அடுக்கு. சர்க்கரையில் செய்த மாப்பிள்ளையும் பொண்ணும் கிரீமுக்குள் தலைகீழாக இருந்தார்களாம்.

வந்து நின்றார். கேக்கா ஏத்துறீங்க என்று கத்தினேன். அப்புறம், கூடுதல் பட்டைகளையாவது கழட்டுங்கள், கொஞ்சம் அடங்கும் என்றேன். "இருக்கறதைக் கழட்டச் சொல்றாரு மாமா, நாளைக்கு இன்ஜினையும் கழட்டச் சொல்வாரு" என்றான் ஆல்பர்ட். டேனியல் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் மகளுக்கே கல்யாணமாம். சர்ச் மொத்தமும் வரும். ஆர்டர் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். "சொந்தப் பொண்ணு கல்யாணத்துலயே கேக் சாஞ்சா, அதுக்கப்புறம் என்னை நம்பி யார் சார் ஆர்டர் குடுப்பாங்க?"

வானம் பார்த்த ஹெட்லைட்

முனுசாமி கல் ஏற்றினார். அப்பள வண்டி உட்கார்ந்தது. பின்பக்கம் தரையை முகர்ந்தது, முன்பக்கம் மேலே போனது. பகலிலேயே ஹெட்லைட் மாடி வீட்டு ஜன்னலைப் பார்த்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத் திரும்பியது. இதற்கும் நான்தான் காரணம் என்று வந்தார். கூடுதல் பட்டை போடலாமே என்றார். சேஸிஸ் அதற்கில்லை, போட்டால் இரண்டாக மடியும் என்றேன். "ஒம்போதுக்கு அப்படியெல்லாம் ஆகாதே" என்று தலையைச் சொறிந்தார். மடிவாளா சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தி ஃபைன் கூடப் போடவில்லையாம். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: "ஏனப்பா, இது காடினா, விமானனா?" கன்னடத்தில், வண்டியா விமானமா என்று.

நான் சொன்ன யோசனை

ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் யார்டுக்குச் சண்டைக்கு வந்தார்கள். நல்லதாகப் போயிற்று. பச்சை வண்டி இங்கே, வெள்ளை வண்டி அங்கே, இதில் கல், அதில் கேக், மாற்றிக்கொள்ளுங்கள், விஷயம் முடிந்தது என்றேன். சின்னக் குழந்தைக்குப் புரியும்.

ஆல்பர்ட் வெள்ளை வண்டியில் ஏறிக் குதித்தான். அமுங்கியது. "மாமா, இது வண்டியா மெத்தையா?" என்றான். "மெத்தைதாண்டா வேணும் கேக்குக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் காதில் விழவில்லை. வீக் என்றால் வீக்காம். டேனியல், பாஸ்டர் ஜெபம் பண்ணிக் கொடுத்த வண்டியாயிற்றே என்று இழுத்தார். முனுசாமி பச்சை வண்டியின் முன்னால் குனிந்தார். கூட்டினார். மிதிக்கக் கூடாததை மிதித்தவர் மாதிரி பின்வாங்கினார். "எட்டுண்ணே! எட்டைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா எங்க வீட்ல எனக்குச் சோறு போட மாட்டாங்க."

தட்டில் வந்த புட்டிங்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆட்டோவில் ஒரு அம்மாள் வந்து இறங்கினார். கையில் மூடி போட்ட தட்டு. டேனியலின் மனைவி ஸ்டெல்லா. அடுத்த சண்டை என்று நினைத்தேன். பழக்க தோஷத்தில் கேட்டேன், என்ன ஏத்தப் போறீங்க என்று.

"கேக். மூணு அடுக்கு. ஐசிங் முழுசா காஞ்சிருக்காது. ரிச்சர்ட்ஸ் டவுன்லருந்து லிங்கராஜபுரம். வழியெல்லாம் ஹம்ப்ஸ்."

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அடுத்த தெருவில் முனுசாமி கடைக்கு நானே கூட்டிப்போனேன். தட்டில் இருந்தது கேரமல் புட்டிங். முனுசாமி தடுப்பதற்குள் ஸ்டெல்லா அதைக் காலியாக நின்ற வெள்ளை வண்டியின் பின்னால் வைத்து, என்னைத் தெருவைச் சுற்றி ஓட்டச் சொன்னார். திரும்பி வந்தபோது புட்டிங் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உடையவில்லை. அதை வெட்டி முனுசாமிக்கே கொடுத்தார். பிறகுதான் பேச்சு. மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவே இல்லை. "அண்ணா, பொண்ணு கல்யாணம். ஒரே ஒரு நாளைக்கு உங்க வண்டியைக் குடுங்க. அன்னைக்கு உங்க வேலை நிக்கக் கூடாது, எங்க வண்டி இங்க இருக்கட்டும்."

பொண்ணு கல்யாணம் என்ற பிறகு யார் மாட்டேன் என்பது? வாயில் வேறு புட்டிங். முனுசாமி முழுங்கிவிட்டு, "எட்டாச்சேம்மா..." என்றார். ஸ்டெல்லா தட்டை மூடினார். "வண்டி எங்க பேர்ல இருக்குதுண்ணா. அப்ப எட்டும் எங்களுக்குத்தான். நாங்க பாத்துக்கறோம்."

முனுசாமி என்னைப் பார்த்தார். எனக்கு ஜோசியம் தெரியாது. தலையை ஆட்டிவைத்தேன். திரும்பும் வழியில், உங்கள் தம்பி ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றேன். "அவன் கேக் வெட்டற கத்தியைப் பிடிச்சிட்டு முன் சீட்ல உக்காந்து வரட்டும். குதிக்கறதுக்கு அங்க இடமில்ல."

அந்த ஒரு நாள்

கல்யாணத்தன்று ஸ்கூட்டரில் வண்டிக்குப் பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடவில்லை. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. டேனியல் கோட்டும் டையுமாகப் பின்னால் கேக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு பெரிய ஹம்ப். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடியிருப்பேன், ஸ்கூட்டரில் முடியாது. வண்டி ஏறியது, அமுங்கியது, இறங்கியது. கேக் ஒருமுறை தலையசைத்துவிட்டு நின்றது. மண்டபத்தில் இறக்கும்போது சர்க்கரை மாப்பிள்ளையும் பொண்ணும் நிமிர்ந்தே நின்றார்கள். டேனியல் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். பேச்சு வரவில்லை. ஆல்பர்ட்டுக்கு வந்தது: "நான் அன்னைக்கே சொன்னேனே மாமா, இந்த வண்டி நல்ல வண்டின்னு!"

மறுநாள் முனுசாமி வண்டியைத் திருப்பிக் கேட்டு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பச்சை வண்டி நிறையக் கடப்பா கல், வண்டி மட்டமாக, கம்பீரமாக நின்றது. ஹெட்லைட் ரோட்டைப் பார்த்தது. கல்யாணம் முடிந்துவிட்டதே என்றேன். மறுவீடு எல்லாம் முடியட்டும், என்ன அவசரம் என்றார். அப்படியானால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாகப் பேரையாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று அன்றும் சொன்னேன், அப்புறம் எத்தனையோ தடவையும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "பேர் மட்டும் வேணாண்ணே. எட்டு அவங்களுது, கல்லு என்னுது. நல்லாத்தானே ஓடுது!"

இத்தனை வருஷத் தொழிலில் என் ஒரே கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள், என்னிடம் ஒரு வண்டியும் வாங்காத ஸ்டெல்லா.