விரதத்தோடு பிசினஸ் கிளாஸில்

மலேசியாவில், மலாக்கா பக்கத்து ஜாசினில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கி நின்றபடியே, "அக்கா, பிசினஸ் கிளாஸ்ல வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சி?" என்று கேட்கிறார்கள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

லண்டனுக்கு நான் மார்கழியில் போனபோது விமானத்தின் பின்பக்கத்தில்தான் போனேன். ஜன்னல் பக்கம் ஒருவர், நடுவில் நான், அந்தப் பக்கம் ஒருவர். கழிவறைக்குப் போக இரண்டு பேரையாவது எழுப்ப வேண்டும், அதற்குக் கூச்சப்பட்டு பதின்மூன்று மணி நேரமும் அசையாமல் இருந்தேன். முப்பது வருடமாகத் தையல் மெஷின் மிதித்த கால்கள். ஹீத்ரோவில் இறங்கும்போது இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலுறையோடு வெளியே வந்தேன். மகள் கவிதா நிறைமாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். என் காலைத்தான் முதலில் பார்த்தாள். மருமகன் தினேஷ்தான் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்.

பிரசவத்தில் பாப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. கவிதாவுக்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் கண் திறக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அந்த ஆஸ்பத்திரி நடையில் நின்றுதான் முருகனிடம் கேட்டேன். இவளை எழுப்பிக் கொடு, மாசி மகத்துக்கு மலாக்காவில் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். எழுந்தாள். அப்புறம் என்ன, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் பாடு.

மாசி மகத்துக்கு அரை மண்டலம் இருக்கும்போது லண்டனிலேயே விரதத்தை ஆரம்பித்தேன். ஒரு வேளைச் சாப்பாடு, சைவம். மெத்தையும் தலையணையும் கூடாது, தரையில் படுக்கை. கவிதாவிடம் சொல்லவில்லை. உடம்பை வருத்தினால்தான் சாமி கேட்குமா என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என்னோடு மல்லுக்கு நிற்கிறவள் அவள். இப்போதுதான் தேறி வருகிறாள், அவளோடு எதற்கு வழக்கு? முதுகு வலிக்கு மெத்தை ஒத்துவரவில்லை என்று சொல்லி, பாப்பாவின் தொட்டில் பக்கத்தில் ஒரு துணியை விரித்துப் படுத்தேன். கார்பெட் தரையில் சேருமா என்று முதல் நாள் ஒரு யோசனை வந்தது. கார்பெட்டுக்குக் கீழே தரைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது தினேஷ் சிரித்துக்கொண்டே வந்து கைப்பேசியை நீட்டினார். கவிதா வேலைக்காக ஊர் ஊராகப் பறந்து சேர்த்த பாயிண்டுகளை எல்லாம் கொடுத்து என் டிக்கெட்டைப் பிசினஸ் கிளாஸுக்கு மாற்றியிருக்கிறாளாம். "அத்தை, சீட்டு அப்படியே கட்டிலா மாறிடும். மெத்தை போட்டுக் குடுப்பாங்க. படுத்தா கோலாலம்பூர்லதான் எழுந்திருப்பீங்க" என்றார்.  புறப்படும் அன்று விரதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும், அப்போது எனக்கு ஒரு கட்டில்! வேண்டாம் என்றால் மகள் மனது நோகும், அந்தப் பாயிண்டில் அவர்கள் இருவரும் எங்காவது போய் வந்திருக்கலாம். சரி என்று படுத்துவிட்டால், அவளுக்காகக் கொடுத்த வாக்கு போய்விடும்.

அன்று மதியமே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "அடியே, அந்தச் சாமியே மயில்ல பறக்கிறவரு. பறக்கிறவங்க கஷ்டம் அவருக்குத் தெரியாதா? பேசாம படுத்துத் தூங்கிட்டு வா" என்றார். வேண்டிக்கொண்டது நான், நீங்கள் இல்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

புறப்படும் நாள் காலை எட்டு மணிக்கு ஹீத்ரோ. பாப்பாவுக்குச் சளி என்பதால் கவிதா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பிசினஸ் கிளாஸுக்குத் தனி வரிசை, வரிசையில் என்னைத் தவிர இரண்டே பேர். ஊறுகாய்க்கும் சேலைக்கும் பயந்து எடை பார்த்துப் பார்த்துக் கட்டிய பெட்டியைக் கவுண்டரில் இருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே தள்ளிவிட்டாள். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அங்கிருந்து ஓய்வறைக்கு அனுப்பினார்கள். சோபாக்கள், பத்திரிகைகள், இந்தப் பக்கம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, அந்தப் பக்கம் ரொட்டி, கேட்பாரில்லாமல் மதுப் புட்டிகள். எல்லாம் சும்மா. ஊரில் திறப்பு விழாப் பந்தியில் கூட இவ்வளவு பார்த்ததில்லை. என் ஒரு வேளை விமானத்தில் என்று வைத்திருந்ததால் சுடுதண்ணீர் மட்டும் குடித்தேன். பரிமாறுகிறவர் மூன்று முறை வந்து வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

பதினொரு மணிக்கு விமானம். வாசலில் நுழைந்ததும் எல்லாரும் வலப்பக்கம் போக, என்னை இடப்பக்கம் திருப்பினார்கள். எனக்கென்று ஒரு சின்ன அறை போல இருந்தது அந்த இருக்கை. இரண்டு பக்கமும் மறைப்பு, கால் வைக்க எதிரில் ஒரு பெட்டி, கையருகே பொத்தான்கள். பொத்தான்களில் படம் போட்டிருந்தது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் சாய்ந்திருக்கிறான், ஒருவன் நீட்டிப் படுத்திருக்கிறான். மூன்றாவது ஆளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். பிறகு தொழில் புத்தி போகுமா, போர்வையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பைப்பிங் வைத்து நெருக்கமாகத் தைத்திருந்தார்கள், நூல் ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை. நல்ல கை.

எங்கள் பக்கம் கவனித்துக்கொண்டவர் நோர்லிசா என்ற மலாய்ப் பெண். நாற்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், நான் மலாயில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்து, "ஆன்ட்டி ஓராங் மானா?" என்று ஊரைக் கேட்டார். ஜாசின் என்றேன். அவர் கையிலிருந்த, கை துடைக்கும் துண்டுகள் வைத்த தட்டை அப்படியே வைத்துவிட்டார். அவர் ஊர் செர்காமாம். எங்கள் ஜாசின் மாவட்டத்துக் கடற்கரை. சுட்ட மீன் சாப்பிட நாங்கள் போகிற கடைக்கு இரண்டு வீடு தள்ளி அவர் அண்ணன் வீடு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டிய இடத்தில் பக்கத்து ஊர்க்காரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மேலே ஏறியதும் சாத்தே வண்டி வந்தது, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி. கடலைக் குழம்பின் வாசனை அறை முழுவதும் பரவியது. சாத்தே என்றால் எனக்கு உயிர். மலாக்காவில் வரிசையில் நின்று சாப்பிடுகிற ஆள் நான். நோர்லிசா நான்கு குச்சியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, வேண்டாம், நான் புவாசா என்றேன். நோன்பு என்றால் மலாய்க்காரருக்கு விளக்கவா வேண்டும்? உடனே தட்டை மறைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சைவச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தாள் கவிதா. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் தயிர். பீங்கான் தட்டில், துணி விரித்து. நிதானமாகச் சாப்பிட்டேன், அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

சாப்பாடு முடிந்ததும் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். வெளியே பகல் சாயும் முன்பே உள்ளே இரவாகிவிட்டது. எனக்கு எதிர்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் மூன்றாவது பொத்தானை அழுத்திவிட்டு உடனே குறட்டை விட்டார். நோர்லிசா மெத்தையோடு என்னிடம் வந்தார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். மகளுக்காக வேண்டுதல், மெத்தையில் படுக்கக் கூடாது, இந்த இருக்கைக்கும் கால் பெட்டிக்கும் நடுவே தரையில் துணி விரித்துப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் மண்டியிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மறுத்தார். விமானம் குலுங்கினால் தரையில் இருப்பவரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை, பெல்ட் இல்லாமல் யாரையும் விட முடியாது என்றார். சொன்னது நியாயம். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே ஒரு குலுக்கு குலுக்கியது, தரையில் படுத்திருந்தால் உருண்டு வெள்ளைக்காரர் பக்கம் போயிருப்பேன்.

ஆக, உட்கார்ந்தே வருவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் சாய்வதில்லையா, அதுபோல முதுகு சாயலாம், படுக்கக் கூடாது. இதற்கு எந்தச் சாஸ்திரமும் கிடையாது, நானே போட்டுக்கொண்ட சட்டம்தான்.

அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸப்பில் தினேஷ். "அத்தை, கட்டில் போட்டாச்சா? போட்டோ அனுப்புங்க" என்று எழுதியிருந்தார். விமானத்துக்குள்ளும் இணையம் வருகிறது, அதுதான் தொல்லை. நோர்லிசாவிடம் காட்டினேன். அவர் சிரித்தபடி இருக்கையைக் கட்டிலாக நீட்டி, மெத்தை விரித்து, போர்வையை மூலையில் மடித்து, கல்யாண வீட்டு அறை போலச் செய்துவிட்டார். கால் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, மெத்தையில் கை படாமல் சிரித்தேன். அவரே படம் எடுத்தார். அனுப்பியதும் தினேஷ், "ராணி மாதிரி இருக்கீங்க" என்று போட்டார். கவிதா ஒன்றும் போடவில்லை. பொய் சொன்னது போல எனக்கு நெஞ்சு உறுத்தியது. வாயால் சொல்லவில்லைதான், ஆனால் படம் சொல்லிவிட்டதே.

நோர்லிசா மெத்தையைச் சுருட்டி எடுத்தார். போட்ட மெத்தையைத் திரும்ப எடுப்பது இந்த வேலையில் இதுதான் முதல் தடவை என்றார். தலையணையை மட்டும் எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, தலைக்குத்தானே கூடாது? காலுக்கு?" என்றார் மலாயில்.

நான் யோசித்தேன். காலுக்குத் தலையணை வைப்பது பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அவர் என் இரண்டு காலையும் தூக்கிப் பெட்டி மேல் வைத்து, அடியில் தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியே உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலித்தது, தூக்கம் வந்து வந்து போனது. சுற்றிலும் எல்லாரும் நீட்டிப் படுத்திருக்க, கோயில் காவல்காரன் மாதிரி நான் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து இருந்தேன். சிரிப்பாகவும் வந்தது. ஆஸ்பத்திரியில் கவிதாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு நாளை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

காலை எட்டு மணிக்கு சிப்பாங்கில், கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினோம். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். நோர்லிசா வாசலில் நின்று, செர்காம் வந்தால் அண்ணன் வீட்டுக்கு வரச் சொன்னார். விரதம் முடியட்டும், மீன் சாப்பிட வருகிறேன் என்றேன்.

விமான நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்துக்கு பஸ். நூற்று இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் முப்பது ரிங்கிட் வெள்ளிக்குள்தான். விமானத்துக்குச் சற்றும் குறையாத குளிர் அந்த பஸ்ஸில். நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டங்கள் வந்ததும் கைப்பேசி அடித்தது. கவிதா. லண்டனில் நடுநிசி தாண்டியிருக்கும், பால் கொடுக்க எழுந்திருப்பாள். நல்லாத் தூங்கினேன் என்று சொல்வதற்கு வாயைத் தயார் செய்துகொண்டு எடுத்தேன்.

"ம்மா, கால் செருப்புக்குள்ள போச்சா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. குனிந்து பார்த்தேன். கால் கால் மாதிரியே இருந்தது, வீக்கம் இல்லை. போச்சு என்றேன்.

"அது போதும். அதுக்குத்தான் அந்த சீட்டு. தரையில படுக்கிறவங்களுக்கு மெத்தை வாங்கிக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு, தரை, முதுகு வலி என்ற பொய், எல்லாம். பால் கொடுக்க எழும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தினேஷுக்கு மட்டும்தான் தெரியாதாம். போட்டோவைப் பார்த்து அவள் சிரித்ததில் பாப்பா விழித்துக்கொண்டதாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தயங்கி, "பாப்பாவுக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பாப்பாவுக்கு அதோட அம்மா வேண்டிக்கட்டும். நான் என் புள்ளைக்கு வேண்டிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறாரே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பால்குடத்தை அன்றைக்கு வீடியோவில் காட்டச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மலாக்கா சென்ட்ரலில் வீட்டுக்காரர் காரோடு நின்றார். ஜாசினுக்கு முப்பது கிலோமீட்டரும் படுத்தாயா, படுத்தாயா என்று நச்சரித்தார். வீட்டுக்கு வந்து, சிமெண்டுத் தரையில் பாயைப் போட்டு விழுந்தவள் மாலை விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்தேன்.

மாசி மகத்தன்று பால்குடமும் நல்லபடியாக முடிந்தது. இப்போது கடைக்கு வருகிறவர்கள், பிசினஸ் கிளாஸ் கட்டில் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? கால் வீங்கவில்லை, என் மகள் அனுப்பி வைத்தாள் என்று சொல்லிவிட்டு அளவு எடுக்கிறேன்.