பாலீஷ் போடாத பெட்டி

எம் பொண்டாட்டிக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆயுத பூஜை வந்துட்டா சந்தனக் கிண்ணத்தக் கையில எடுத்துக்கிட்டு வீடு பூரா சுத்துவா. ஃபிரிட்ஜு, மிக்ஸி, தண்ணி மோட்டாரு, கதவு நிலை, என் டிக்கெட் பை, எல்லாத்துக்கும் பொட்டு. ஒரு வருசம் டிவி ரிமோட்டுக்கும் வச்சுட்டா. பட்டன் ஒட்டிக்கிட்டு சேனல் மாறவே மாட்டேன்னுருச்சு. "ஏ கிறுக்கி"ன்னு கத்துனேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

அவ போயி ரெண்டு வருசமாச்சு. போன பொங்கலுக்கு மக வந்தா. "என்னப்பா, வீடு இப்படி இருட்டடிச்சுக் கெடக்கு"ன்னு ஆளு விட்டுப் பெயிண்ட் அடிச்சா, பழைய சாமானத்தயெல்லாம் கழிச்சா, நிலையச் சுரண்டி வார்னிஷ் போட்டா. நல்ல மனசோடதான் செஞ்சா, அதனால வையவும் முடியல. அவள ஊருக்கு பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து வீட்டச் சுத்திப் பாத்தேன். ஒரு பொட்டு இல்ல. எம் பொண்டாட்டி விரலு பட்ட அடையாளம் ஒரு எடத்துலயும் இல்ல. திருச்சுழியில எஞ் சொந்த வீட்டுக்குள்ளயே யாரு வீட்டுலயோ வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் அருப்புக்கோட்டையில அவ வேல பாத்த காலேஜுல, பழைய பிசிக்ஸ் லேப்ப மியூசியமா ஆக்கியிருக்காகன்னு கேள்விப்பட்டேன். அவ அங்க லேப் அட்டெண்டரு. வீட்டுல வச்சதவிட அங்க வச்ச பொட்டுதான் அதிகம். அதுல ஒண்ணாச்சும் மிச்சமிருக்கும்னு கெளம்பிட்டேன்.

நான் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எந்த பஸ்ஸுல ஏறுனாலும் அந்தக் கண்டக்டரு மேல எனக்குக் கோவம் வரும். அன்னைக்கு வந்தவன் ஸ்டாப்பிங் பேரக்கூடச் சொல்லாம செல்லப் பாத்துக்கிட்டே நின்னான். வழி பூரா கரிசக்காடு, சீமக்கருவேல முள்ளு, மூஞ்சியில அடிக்கிற அனல் காத்து. நான் டூட்டி பாத்த காலத்துல, வண்டியில எவன் எவனோட சண்ட போட்டாலும் சரி, வீட்டுக்குப் போனதும் அவட்டச் சொல்லணும்னு மனசுல முடிஞ்சு வச்சுக்கிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் விடல.

மியூசியம்னா ரெண்டே ரூம்பு. என்னயத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. அதப் பாத்துக்கிடுற டீச்சரம்மாவுக்கு ஒரு நாப்பது வயசு இருக்கும், கழுத்துல சின்னச் சிலுவ. யாராச்சும் வரமாட்டாகளான்னு இருந்திருப்பாக போல, "வாங்கய்யா, வாங்க"ன்னு எந்திரிச்சு வந்து ஒண்ணொண்ணாக் காட்டுனாக. காத்தோட அழுத்தத்த அளக்குற பாதரசக் குழாயி, நெலம் அளக்குற தியோடலைட்டு. வெயிலு எவ்வளவு நேரம் அடிச்சுச்சுன்னு அட்டையச் சுட்டுக் காட்டுற கண்ணாடி உருண்டை ஒண்ணு.

"நம்மூரு வெயிலுக்கு இதுக்குன்னு ஒரு மிஷினு வேறயாக்கும்?"னேன். சிரிச்சாக.

எனக்கு மிஷினா முக்கியம்? குனிஞ்சு, எட்டி, மூலை முடுக்கெல்லாம் பொட்டத் தேடுனேன். எல்லாம் புது மாப்பிள்ள கணக்கா பளபளன்னு நிக்குது. உத்துப் பாத்தா எம் மூஞ்சிதான் தெரியுது.

"எப்படிம்மா இம்புட்டு மினுங்குது?"

"பாலீஷ் போட்டோம்யா. ஒரே சந்தனமும் குங்குமமுமா அப்பிக் கெடந்துச்சு. சுரண்டி எடுக்குறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

வந்துச்சு பாருங்க கோவம். "யாரக் கேட்டுச் சுரண்டுனீக?"ன்னு கத்திட்டேன். பாவம், அவுக ரெண்டடி பின்னால போயிட்டாக. அதப் பாத்துத்தான் கொரலத் தாழ்த்துனேன்.

"எம் வீட்டுக்காரி வச்சது தாயி. இங்கதான் வேல பாத்தா. இப்ப இல்ல. வீட்டுலயும் எல்லாத்தயும் அழிச்சாச்சு. இங்கயாச்சும் இருக்கும்னு வந்தேன்."

அவுக அலமாரியத் தொறந்து ஒரு சின்ன மரப்பெட்டிய எடுத்துட்டு வந்தாக. "இத மட்டும் பாலீஷ் போடலய்யா. தராசுல வைக்கிற எடைக்கல்லு. தேச்சா பித்தள தேஞ்சு எடை கொறஞ்சிரும். கையாலகூடத் தொடக்கூடாது."

அந்தப் பெட்டி கதை எனக்குத் தெரியும். அவ வேலைக்குச் சேந்த மொத வருசம், ஆயுத பூஜைக்கு எடைக்கல்லுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டா. லீவு முடிஞ்சு வந்து பிள்ளைக நிறுத்துப் பாத்தா, ஒருத்தருக்கும் கணக்கு ஒத்துவரல. பெரிய சாரு வஞ்சுட்டாக. அந்தப் பெட்டிய ஒதுக்கிப் போட்டுட்டு வேற வாங்குனாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ மூக்கச் சிந்திக்கிட்டே, "பொட்டு வச்சா கனமாயிருமாங்க?"ன்னு கேட்டா. வயிறு வலிக்கச் சிரிச்சேன். கடைசியில அவளும் சிரிச்சுட்டா.

டீச்சரம்மா பெட்டியத் தொறந்தாக. கல்லெல்லாம் கறுத்துப் போயிக் குழிக்குள்ள உக்காந்திருக்கு. அதுல பெரிய கல்லுல, குமிழுக்குக் கீழ, சந்தனம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. நடுவுல கறுத்துப்போன குங்குமம். மோதிர விரலாலதான் வைப்பா. அந்த அளவு எனக்குத் தெரியாதா?

"நிறுத்துப் பாப்பமாய்யா?"ன்னு அவுகளேதான் கேட்டாக. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த தராசுல, ஒரு தட்டுல அவ கல்லு, இன்னொரு தட்டுல அதே எடையில புதுக் கல்லு, இடுக்கியால எடுத்து வச்சாக. கைப்பிடியத் திருகுனதும் முள்ளு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுச்சு. ஆடி ஆடி, நடுவுல நிக்காம ஒரு பக்கமா லேசாச் சாஞ்சு நின்னுச்சு. அவ கல்லு இருந்த தட்டு எறங்கியிருந்துச்சு.

"எம்புட்டும்மா இருக்கும்?"

"நாலஞ்சு கடுகு எடை இருக்கும்யா."

அழுதுட்டேன். முன்னப் பின்னத் தெரியாத பொம்பளைக்கு முன்னால நின்னு, மூக்கச் சிந்தி அழுதேன். அவுக ஃபேனக் கூட்டி வச்சுட்டு, ஜன்னல் பக்கம் போயி நின்னுக்கிட்டாக.

கெளம்பும்போது, "தொடச்சிராதீக தாயி"ன்னேன்.

"தொடைக்க மாட்டோம்யா. அதத் தொடச்சா எடை மாறிப்போகும்"னாக.

பஸ்ஸுல வரும்போது கண்டக்டரு மேல கோவமே வரல. எப்படா வீடு வரும்னு இருந்துச்சு. பொழுது அடைஞ்ச நேரம் பூட்டத் தொறந்தேன். செருப்பக்கூடக் கழட்டல, "ஏ புள்ள, கனமாத்தான்டி ஆகுது"ன்னு வாசல்ல நின்னே சொல்லிட்டேன்.

சொன்ன பெறகுதான் பாக்கேன், உள்ள லைட்டு எரியல.